ஈரக் காற்று குடித்த கதிர்

நான் என்ன ஆராய்ச்சி செய்கிறேன் என்று அம்மாவிடம் யாராவது கேட்டால், "பாப்பா காலேஜ்ல ஒரு லைட்டு செய்யுது. ஆனா அது எரியாதாம்" என்று சொல்லுவாள். திருச்சி மேலப்புதூர் பக்கம் எங்கள் தெருவில் இருந்த எல்லோருக்கும் அந்த விளக்கமே போதுமானதாக இருந்தது. மாதா கோயில் பூசை முடிந்து வெளியே வரும்போது, "உன் லைட்டு எரிஞ்சிச்சா?" என்று கேலி செய்வார்கள். இல்லை என்பேன். எனக்குக் கோபம் வரும். ஆனால் என் மூன்று வருட வேலையை அம்மாவை விடச் சுருக்கமாக, பிழையில்லாமல், அதற்குப் பிறகும் யாரும் சொன்னதில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. மாடி ஜன்னலைத் திறந்தால் மலைக்கோட்டை தெரிகிற ஒரு கல்லூரி. அதன் இயற்பியல் துறையில், பழைய சாமான்களைப் போட்டு வைத்திருந்த நீளமான அறையைக் காலி செய்து எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். எங்களுக்கு என்றால், எனக்கும் என் தோழிக்கும். அவள் லால்குடிக்காரி. நெல் விளைவிக்கிற குடும்பம். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தையும் இருந்தது. குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, தினமும் காலை ரயிலில் டவுன் ஸ்டேஷனில் வந்து இறங்குவாள். என்னை விட இரண்டு வயது மூத்தவள் என்றாலும் நாங்கள் வாடி போடிதான். இருவருக்கும் ஒரே வழிகாட்டி, ஸ்ரீரங்கத்திலிருந்து ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் நெற்றி நிறைய நாமத்தோடு வந்து இறங்கும் எங்கள் பேராசிரியர்.

நாங்கள் செய்துகொண்டிருந்தது தொலை அகச்சிவப்பு லேசர். ஏன் அப்படி ஒன்று வேண்டும்? அந்த நாட்களில் குஜராத்தில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில், வடை மாதிரி நடுவில் ஓட்டையுள்ள ஒரு பெரிய உலோகக் கூடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் வாயுவைச் சூடாக்கிப் பிளாஸ்மா ஆக்குவார்கள். சுவரைத் தொடவிடாமல் காந்தப் புலத்தால் அதை அந்தரத்தில் பிடித்து வைப்பார்கள். சரி, உள்ளே எவ்வளவு பிளாஸ்மா இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது? எதை உள்ளே விட்டாலும் ஒன்று அது உருகும், இல்லை பிளாஸ்மா செத்துப்போகும். அதனால் ஒளியை விட்டுப் பார்ப்பார்கள். ஒரு கதிரை இரண்டாகப் பிரித்து, ஒன்றைப் பிளாஸ்மாவுக்குள்ளும் மற்றதை வெளியே சுற்றியும் அனுப்பி, மறுபடி சேர்த்து வைப்பது. இரண்டு பேர் ஒரே அடியாக நடந்து போகும்போது ஒருவர் மட்டும் தேர்க்கூட்டத்துக்குள் புகுந்து வெளியே வந்தால் இருவரின் அடியும் மாறிப்போயிருக்கும் அல்லவா? எவ்வளவு மாறியது என்பதை வைத்துக் கூட்டம் எவ்வளவு என்று சொல்லிவிடலாம். அவ்வளவுதான் விஷயம்.

கண்ணுக்குத் தெரிகிற ஒளி இதற்கு ஆகாது. அதன் அலை மிகச் சிறியது. வாசலில் லாரி போய்த் தரை அதிர்ந்தால்கூட அதையும் பிளாஸ்மா என்று காட்டிவிடும். ரேடியோ அலையோ பிளாஸ்மாவைக் கண்டதும் வளைந்து எங்கேயோ போய்விடும், இல்லை வந்த வழியே திரும்பிவிடும். இரண்டுக்கும் நடுவில், ஒரு அலை மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும் ஒரு ஒளிதான் சொன்ன பேச்சுக் கேட்கும். அதைத்தான் நாங்கள் திருச்சியில் செய்ய முயன்றுகொண்டிருந்தோம்.

ஆள் உயரத்தை விட நீளமான கண்ணாடிக் குழாய். அதற்குள் மீத்தேனும் நைட்ரஜனும் மெல்ல ஓடும். உயர் மின்னழுத்தம் கொடுத்தால் குழாய் முழுக்க இளஞ்சிவப்பாக ஒளிரும். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் லேசர் என்று நினைத்துக்கொண்டு "அடேயப்பா" என்பார்கள். அது வெறும் பக்கவாத்தியம். உண்மையான கதிர் யார் கண்ணுக்கும் தெரியாமல் முனையில் இருந்த பாலிதீன் ஜன்னல் வழியாக வெளியே வரும். நாம் தெளிவு என்று நினைக்கிற கண்ணாடி அதற்குச் சுவர். நமக்கு மங்கலாகத் தெரிகிற பாலிதீன் அதற்குத் திறந்த வாசல். கதிர் வந்திருக்கிறதா என்பதை உணர்கருவியோடு சேர்த்த ஒரு முள்தான் சொல்லும். அது காகிதச் சுருளில் சிவப்பு மையால் கோடு இழுத்துக்கொண்டே போகும். முள் உயர்ந்தால் எங்களுக்கு அன்று பண்டிகை.

குழாய்க்குள் விஷ வாயு உண்டாகும். அதை ஒரு ரப்பர் குழாய் மூலம் கூரைக்கு மேலே கொண்டுபோய் விட்டிருந்தோம். அதோடு, உள்ளே பழுப்பாக ஒரு பிசின் வேறு படியும். அதைச் சுத்தம் செய்ய எந்த நாட்டுக் கருவிப் பட்டியலிலும் எங்களுக்குக் கட்டுப்படியாகிற பொருள் கிடைக்கவில்லை. என் தோழி ஒரு நாள் வீட்டிலிருந்து ஒட்டடைக் கம்பைக் கொண்டுவந்தாள். அதை ரயிலில் கொண்டுவந்த கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அதன் நுனியில் பழைய வேட்டித் துணியைச் சுற்றி, ஆளுக்கொரு முனையில் நின்றுகொண்டு குழாயைத் துடைப்போம். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மாமியாரைப் பற்றி அவளும் எங்கள் பங்குச் சாமியாரின் பிரசங்கத்தைப் பற்றி நானும் பேசியபடி துடைத்த அந்தப் பிற்பகல்களைப் போல நான் சந்தோஷமாக இருந்த காலம் பிறகு அமையவில்லை.

காற்றில் ஈரம் இருந்தால் இந்தக் கதிர் செத்துப்போகும். நீராவிக்கு அதன் மேல் அப்படி ஒரு தாகம். இது புத்தகத்திலேயே இருக்கிறது. நாங்களும் பட்டுத் தெரிந்துகொண்டோம். ஆடியில் காவிரியில் தண்ணீர் வரும். ஊரே அம்மா மண்டபத்துப் படித்துறைக்குச் சித்திரான்னம் கட்டிக்கொண்டு ஓடும். எங்கள் முள் மட்டும் துக்க வீட்டுக்காரரைப் போல் தலையைத் தொங்கப்போடும். ஐப்பசி மழையில் கேட்கவே வேண்டாம். பாலிதீன் உறைக்குள் கதிரை விட்டு, அதில் உலர்ந்த நைட்ரஜனை நிரப்பினால் பிழைக்கும். ஆனால் அறையின் நீளத்துக்கு அப்படிச் செய்ய சிலிண்டருக்கு எங்கே போவது? அதனால் மழைக்காலத்தில் கணக்குப் போடுவோம், கோடையில் லேசர் ஓட்டுவோம்.

குஜராத்திலிருந்து ஒரு விஞ்ஞானி எங்கள் லேசரைப் பார்க்க வருகிறார் என்று தெரிந்ததும் பேராசிரியர் அவரைச் சித்திரை மாதத்தில் வரச் சொன்னதற்கும் அதுதான் காரணம். வருஷத்திலேயே காற்று காய்ந்து கிடக்கும் காலம். பிடித்திருந்தால் அவர் லேசரை எடுத்துக்கொள்வார். அதோடு, அதை ஓட்டத் தெரிந்த ஒருவரையும் வேலைக்கு எடுத்துக்கொள்வார். பிடிக்காவிட்டால் என் உதவித்தொகை அந்த மாதத்தோடு முடிந்தது. அப்பா எனக்குக் கான்வென்ட் பள்ளியில் டீச்சர் வேலை பேசி வைத்திருந்தார். ஜூனில் சேர வேண்டும். "மூணு வருஷம் எரியாத லைட்டோட வெளையாண்டது போதும்மா" என்றார். தப்பில்லை, நல்ல வேலைதான். ஆனால் எனக்குப் பிளாஸ்மாவைப் பார்க்க வேண்டும். அந்தரத்தில் நிற்கிற அந்த நெருப்புக்குள் என் கதிர் போய் வருவதைப் பார்க்க வேண்டும். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

என் தோழிக்கு அது தெரியும். வீட்டையும் குழந்தையையும் விட்டுவிட்டு அவள் போக முடியாது என்பதும் எங்கள் இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. கண்ணாடிகளைச் சரிசெய்வதில் என்னை விட அவள்தான் கெட்டிக்காரி. அந்த வாரம் முழுக்க, தான் போகப்போவது போல அவள் வேலை செய்தாள்.

அந்த நாளும் வந்தது. சமயபுரம் தேர் சமயம் வேறு. பஸ்ஸெல்லாம் மஞ்சள் புடவையும் வேப்பிலையுமாக நிரம்பி வழிந்தது. அவள் ரயிலில் வந்ததால் தப்பித்தாள். காலையில் லேசரை ஓட்டினோம். குஜராத்தில் லேசர் ஒரு கட்டடத்திலும் பிளாஸ்மா இன்னொரு கட்டடத்திலும் இருக்கும் என்பதால், அவ்வளவு தூரம் கதிர் தாங்குகிறதா என்று காட்ட, அதை அறைக்குள்ளேயே கண்ணாடிக்குக் கண்ணாடி பலமுறை அலையவிட்டு உணர்கருவியில் பிடித்தோம். முள் ஏறி, அசையாமல் நின்றது. "மாரியாத்தா காப்பாத்திட்டா" என்றாள் அவள். "அந்தோணியார்" என்றேன் நான். இருவரும் சாப்பிடப் போனோம்.

அந்த இடைவெளியில்தான் பேராசிரியர் வந்திருக்கிறார். அவருக்கு விருந்தினர் என்றால் வெறி. முதலில் தீர்த்தம், அப்புறம்தான் தியரி என்பது அவர் கொள்கை. வடக்கேயிருந்து வருகிற மனுஷர் திருச்சி வெயிலில் வெந்துபோவாரே என்று அவருக்கு மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. குஜராத்தில் இதைவிட வெயில் என்று அவருக்கு யார் சொல்வது? ஸ்ரீரங்கத்தில் சொல்லிவைத்து, புத்தம்புதிய வெட்டிவேர்த் தட்டிகளை ரிக்ஷாவில் கட்டி வரவழைத்து, எங்கள் அறையின் எல்லா ஜன்னல்களிலும் தொங்கவிட்டிருந்தார். அட்டெண்டர் அவற்றில் சொட்டச் சொட்டத் தண்ணீர் தெளித்திருந்தார். நாங்கள் திரும்பி வந்தபோது அறை குளுகுளுவென்று இருந்தது. வெட்டிவேர் வாசனை ஆளைத் தூக்கியது.

"எப்படி?" என்றார் பேராசிரியர், பெருமாளே எழுந்தருளியது போன்ற முகத்தோடு. 

"சொர்க்கம் சார்" என்றேன். நான்தான் சொன்னேன். என் வாயால்.

ஈரக்காற்றைப் பற்றி ஒரு அத்தியாயமே எழுதியவர் அவர். அதற்கான அளவுகளை எடுத்தவர்கள் நாங்கள் இருவரும். மூன்று பேரில் ஒருவருக்குக்கூட எதுவும் உறைக்கவில்லை. இப்போது யோசித்தால் காரணம் புரிகிறது. மழை ஈரம், ஆறு ஈரம், வெட்டிவேர் ஈரமில்லை. வெட்டிவேர் குளிர்ச்சி. எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு அது உடம்பில் ஊறிப்போன விஷயம்.

விருந்தினர் வந்தார். கோட்டுப் போட்டிருந்தார், வங்காளி, சிரித்த முகம். "வாங்கோ, வாங்கோ" என்று தமிழிலேயே வரவேற்ற பேராசிரியர், அப்புறம் ஆங்கிலத்துக்கு மாறி அவரைத் தட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார். நீர்மோர் வந்தது. "என்ன மணம்!" என்றார் அவர். நான் மின்சாரத்தைக் கொடுத்தேன். குழாய் இளஞ்சிவப்பாக ஒளிர்ந்தது. அவர் விஷயம் தெரிந்தவர் என்பதால் அதைப் பார்த்து "அடேயப்பா" என்று சொல்லவில்லை. நேராக முள்ளைப் பார்த்தார்.

முள் எழுந்திருக்கவே இல்லை. நோயாளி மாதிரி லேசாகத் தலையைத் தூக்கியதோடு சரி.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்களே, அதை நான் அன்றுதான் முழுசாக அனுபவித்தேன். கண்ணாடித் திருகை ஒரு மயிரிழை இப்படித் திருப்பினேன், அப்படித் திருப்பினேன். வாயுவைக் கூட்டிப் பார்த்தேன், குறைத்துப் பார்த்தேன். உணர்கருவியைத் தட்டிக்கூடப் பார்த்தேன். பேராசிரியர், "ஆனைக்கும் அடி சறுக்கும், இன்னும் கொஞ்சம் மோர் சாப்பிடுங்கோ" என்று விருந்தினரைச் சமாளித்துக்கொண்டிருந்தார். விருந்தினர் பண்போடு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என் மனக்கண்ணில் கான்வென்ட்டின் கரும்பலகை தெரிந்தது.

என் தோழி காகிதச் சுருளையே பார்த்துக்கொண்டிருந்தாள். லேசரை ஓட்டத் தொடங்கிய பிறகு இரண்டாவது தடவையாக அட்டெண்டர் வந்து தட்டியில் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் அவள் என் கையைக் கிள்ளினாள்.

"கோட்டைப் பாருடி."

பார்த்தேன். கொஞ்சமாகவாவது நின்றிருந்த முள் இன்னும் கீழே இறங்கியிருந்தது.

"அவரு தண்ணி ஊத்தறாரு, இது எறங்குது. முன்னாடி ஊத்தினப்பவும் எறங்கிச்சு. இந்தா பாரு, இங்க ஒரு பள்ளம், இங்க ஒரு பள்ளம்."

எனக்கு அப்போதும் புரியவில்லை. அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "தட்டிடி! தட்டி!"

அதற்குமேல் அவள் காத்திருக்கவில்லை. பேராசிரியரிடம் சொல்லவும் இல்லை, சொல்லியிருந்தால் அவர் விருந்தினர் முன்னால் கூசிப்போய் ஏதாவது வாதம் செய்திருப்பார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறி முதல் தட்டியைப் பிடுங்கினாள். சொட்டச் சொட்ட அது விருந்தினரின் காலடியில் விழுந்தது. 

"என்னம்மா பண்றே! என்ன அபசாரம் இது!" என்று பேராசிரியர் பதறி எழுந்தார்.

"சார், நாம கதிருக்குத் தண்ணி காட்டிட்டோம் சார்" என்று அவள் ஸ்டூல் மேல் நின்றபடியே சொன்னாள்.

பேராசிரியர் வாயைத் திறந்தார். திறந்த வாயோடு தட்டியைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார். அப்புறம் போய் அடுத்த ஜன்னலில் இருந்ததைத் தானே பிடுங்கினார். நானும் ஓடினேன். மூன்று பேருமாக எல்லாவற்றையும் இழுத்து வெளி வராந்தாவில் போட்டோம். தரையைத் துணியால் ஒற்றி எடுத்தோம். கதவைத் திறந்துவிட்டோம். கோடைக் காற்று அடுப்பிலிருந்து வருவது போல உள்ளே பாய்ந்தது. விருந்தினர் கோட்டைக் கழற்றினார், டையைக் கழற்றினார். பாவம், வியர்வை ஆறாக வழிந்தது. முள் மெல்ல, பெரிய மனுஷர் நாற்காலியிலிருந்து எழுந்திருப்பது மாதிரி, எழுந்து மேலே போய் நின்றது.

விருந்தினர் சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியாமல் சிரித்தார். தான் பார்த்த செய்முறை விளக்கங்களிலேயே இதுதான் நேர்மையானது, குஜராத்தில் காற்று வறண்டது, அங்கே எங்கள் லேசர் நன்றாக இருக்கும் என்றார். அப்புறம் எங்கள் இருவரையும் பார்த்து, "இதோடு யார் வருவது?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் ஆங்கிலத்தில், "இவள்" என்று என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். எனக்குச் சந்தோஷத்தில் வேறு எதுவும் தோன்றவில்லை.

அப்பாவைச் சம்மதிக்க வைக்கத்தான் பாடுபட்டேன். "குஜராத்தா? அங்க கோயில் இருக்கா, பூசை உண்டா?" என்று கேட்டார். உண்டா இல்லையா என்று எனக்கே தெரியாவிட்டாலும் உண்டு என்று உறுதி சொன்னேன். குழாயைப் பெட்டியில் அடைக்க என் தோழி லால்குடியிலிருந்து மூட்டை மூட்டையாக வைக்கோல் கொண்டுவந்தாள். அவளே பரப்பி, அவளே குழாயைப் படுக்கவைத்து, இடுக்கெல்லாம் அவளே திணித்தாள். நான் ஆணி அடித்தேன். லாரி போன பிறகு அறையில் இரண்டு சிமெண்ட் மேடைகள் மட்டும் இருந்தன. அவற்றின் மேல் உட்கார்ந்து அவள் கொண்டுவந்திருந்த புளியோதரையைச் சாப்பிட்டோம்.

குஜராத்தில் பெட்டியைப் பிரித்தபோது அந்த வைக்கோல் வாசனை வந்தது. நான் பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்து வேலையைத் தொடங்கினேன்.

இயந்திரம் தயாராகி, நாங்கள் கதிரை அதற்குள் விட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிளாஸ்மா கண்ணிமைக்கும் நேரம்கூட இருக்காது. அதற்குள் திரையில் ஒரு நேர்க்கோடு அலை அலையாக நெளிந்து ஏறியது, பிறகு நெளிந்து இறங்கியது. அவ்வளவுதான். அந்த நெளிவுகளை எண்ணினால் உள்ளே எவ்வளவு பிளாஸ்மா என்று தெரியும். எல்லோரும் கை தட்டினார்கள். நான் எண்ணி முடிக்கும் முன்பே ஓடிப்போய் திருச்சிக்கு டிரங்க் கால் பதிவு செய்தேன்.

கால் கிடைக்கச் சாயந்தரம் ஆகிவிட்டது. நல்லவேளை, அவள் ரயிலுக்குக் கிளம்பியிருக்கவில்லை. துறை அலுவலகத்துக்கு ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு இரைத்தது.

"வந்துச்சாடி?"

"வந்துச்சுடி! அலை அலையா வந்துச்சு! நம்ம கதிரு உள்ள போயிட்டு வெளிய வந்துடுச்சு!"

அவள் போட்ட கூச்சலில் என் காது அடைத்துப்போனது. யாரிடமோ "சாருக்குச் சொல்லுங்க, சாருக்குச் சொல்லுங்க" என்று கத்தினாள். திருப்பிக் கத்தினேன். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேசினோம், ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் அவள் கேட்டாள்.

"அங்க காத்து எப்படி இருக்கு?"

"நல்லாக் காஞ்சு கெடக்குடி. பாலிதீன்கூடப் போடல. காலையில சுவிட்ச் போட்டா சாயந்தரம் வரைக்கும் முள்ளு ஆடாம நிக்குது. நம்ம ஊர்ல பட்ட பாடு ஒண்ணுமே இங்க இல்ல."

லைன் போய்விட்டது என்று நினைத்து "ஹலோ, ஹலோ" என்றேன்.

"இருக்கேன்" என்றாள். "அப்ப நீ இனிமே இங்க திரும்பி வரமாட்ட."

அழுகையெல்லாம் இல்லை. முள் காட்டுவதை அப்படியே வாசித்துச் சொல்லுவாளே, அந்தக் குரல்தான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பைத்தியமாடி நீ? கிறிஸ்துமஸுக்கு வந்து நிக்கறேன், பாரு" என்றேன்.

"கிறிஸ்துமஸுக்கு வருவ" என்றாள்.

கிறிஸ்துமஸுக்குப் போனேன். அடுத்த கிறிஸ்துமஸுக்கும் போனேன். ஒவ்வொரு முறையும் கைப்பையில் குஜராத்துக்குத் திரும்பும் டிக்கெட் இருந்தது.